கோமதிநாயகம் பெயரில் ஒரு சர்வீஸ்

முத்துத்தாய் தன் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சங்கரன்கோவிலில் அவள் வயதுப் பெண்கள் யாருமே சொல்லமாட்டார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் மற்ற வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேறு யாராவது இருப்பார்கள். கூட்டாளி வருவான், கடன்காரன் வருவான், வாசலில் நின்று சத்தம் போடும் தபால்காரராவது இருப்பார். முத்துத்தாய் வீட்டில் அந்தப் பெயர் மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய மின்சார அட்டையில். சு. கோமதிநாயகம். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கரண்ட் ஆபீசிலிருந்து ரீடிங் எடுக்க வருகிறவர் அட்டையைக் கையில் எடுத்து, "கோமதிநாயகம்தான?" என்று வாசித்துவிட்டுத்தான் எழுதுவார். அதைக் கேட்பதற்காகவே அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பாள்.

அந்த வீட்டுக்குக் கரண்ட் இழுத்தது கோமதிநாயகம்தான். 1972-இல். வீடு முத்துத்தாயின் அப்பா அவளுக்கு எழுதி வைத்தது. முன்னால் ஒரு பெரிய அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். பருத்திக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த மனுஷன், ஆறு மாதம் கரண்ட் ஆபீசுக்கு நடையாக நடந்து, தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்து வாங்கினார். மீட்டர் போர்டு அடிக்க வந்த வயர்மேன் எவ்வளவு உயரத்தில் அடிக்க என்று கேட்டபோது, சுவரோரமாக நின்று கையை உயர்த்தி, "இந்தா, என் கை எட்டுத இடம். இங்கன அடியும் வே" என்றார். ஆள் நல்ல உயரம். முத்துத்தாயோ அவர் தோளுக்குக் கீழே. மெயின் சுவிட்சைப் போட வேண்டுமென்றால் அவள் முக்காலி வைத்து ஏற வேண்டும். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நான் இருக்கேம்லா. நீ எதுக்கு எட்டணும்?"

அந்த வாய்க்கு என்ன சொல்வது. இரண்டே வருஷத்தில் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். அங்கே ஒரு கம்பெனியில் வேலை இருக்கிறது, ஆறு மாதத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. 1976 தைப் பொங்கலுக்கு வந்ததுதான் கடைசி. அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார் என்றார்கள், மில்லில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள், காவி கட்டிக்கொண்டு காசியில் திரிகிறார் என்று ஒருவர் நேரில் பார்த்ததாகவே சொன்னார். பிள்ளையும் இல்லை. முத்துத்தாய் ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். சத்துணவுக் கூடங்கள் திறந்தபோது அவள் மதினி, அதாவது கோமதிநாயகத்தின் அக்கா சுப்புலட்சுமி, ஓடி வந்தாள். விதவை என்றோ, புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்றோ எழுதிக் கொடுத்தால் ஆயா வேலை கிடைக்கும் என்றாள். முத்துத்தாய் மிஷினை மிதித்துக்கொண்டே, "ரெண்டும் நான் இல்லியே மதினி" என்றாள்.

1983 ஆடித்தபசுக்கு அவள் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டு, வருஷா வருஷம் கேட்பதையே மறுபடியும் கேட்டுவிட்டு வந்தாள். வந்த எட்டாம் நாள் மீட்டருக்குக் கீழே, தரையிலிருந்து, ஈர மண் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. கரையான். வேறு ஊரானால் ஒரு கை மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் இது புற்றுமண்ணை நெற்றியில் பூசி, நோவு என்றால் நாக்கிலும் வைத்துக்கொள்கிற ஊர். அம்மன் கோயில் கொண்ட ஊரில், கேட்டுவிட்டு வந்த எட்டாம் நாள், வேறு எந்தச் சுவரிலும் இல்லாமல், அவர் பெயர் தொங்குகிற சுவரில் புற்று ஏறினால் ஒருத்தி என்னவென்று நினைப்பாள்? முத்துத்தாய் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அது நாளுக்கு நாள் வளர்ந்து போர்டின் மரப்பலகையைத் தொட்டது. பலகையை மூடியது. அட்டை தொங்கிய ஆணி வரைக்கும் போனது. தெருப் பெண்கள் வந்து கும்பிட்டுப் போனார்கள். "என் தம்பி வரப்போறான் ஏட்டி" என்று சுப்புலட்சுமியே சொன்னாள். முத்துத்தாய் அவருடைய நார்க்கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சுவர் ஊறியது. மெயின் சுவிட்சைத் தொட்டால் விரலில் சுரீர் என்றது. பல்பு மங்கி மங்கி எரிந்தது. ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த சாயங்காலம் போர்டிலிருந்து புகை வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த சேக் மைதீனைக் கூட்டி வந்தார்கள். கடையநல்லூர்க்காரர், லைசென்ஸ் வாங்கிய வயர்மேன், அந்த லைசென்ஸைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டி வைத்திருப்பவர். வந்து, டெஸ்டரை எடுத்து மெல்லப் புற்றில் வைத்தார். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு எரிந்தது.

"அக்கா, மண்ணுல கரண்ட் வருது. யாரும் பக்கத்துல வராதீங்க."

"அம்மன் சக்தி" என்று சுப்புலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சக்திதான். தொட்டுராதீங்க" என்றார் சேக் மைதீன்.

லைன்மேன் வந்து கம்பத்திலேயே லைனைக் கழற்றிவிட்டார். அப்புறமும் சேக் மைதீன் புற்றில் கை வைக்கவில்லை. "இது உங்க சாமி காரியம். நீங்களே எடுத்துருங்க அக்கா" என்று விலகி நின்றார். முத்துத்தாய் பித்தளைச் சட்டியில் மண்ணை அள்ளினாள். அள்ள அள்ள உள்ளே பலகை இல்லை. மேலே பூசிய பெயிண்டு மட்டும் தோலாக நின்றது; மரம் அத்தனையும் போய்விட்டது. மீட்டர், வயர்களின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வரப்போகிறார் என்று மூன்று மாதம் பொட்டு வைத்துக் கும்பிட்டது, அவர் அடித்துவிட்டுப் போன பலகையைத் தின்றுகொண்டிருந்ததைத்தான். சட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் மண்ணை மண்ணோடு சேர்த்துவிட்டு, அங்கேயே பிரகாரத்தில் உட்கார்ந்து அழுதாள். நல்ல வேளை, அங்கே அழுகிறவர்களை யாரும் என்னவென்று கேட்பதில்லை.

மறுநாள் சேக் மைதீன் விளக்கமாகச் சொன்னார். மெயின் சுவிட்சை மாற்றலாம், இப்போது இரும்புப் பெட்டியில் நல்லதாக வருகிறது. ஃபியூஸ் கட்டைகள் புதிதாகப் போடலாம். வாசலில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, எர்த் கம்பி இறக்கலாம். அது இல்லாததால்தான் மண் வழியாகக் கரண்ட் ஊர்ந்தது. இதெல்லாம் அவர் வேலை. ஆனால் மீட்டரைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. அதில் கரண்ட் ஆபீஸ் சீல் இருக்கிறது. உடைத்தால் அவர் லைசென்ஸ் போய்விடும். மீட்டரைக் கழற்றினால்தான் பலகையை மாற்ற முடியும். கழற்ற வேண்டுமென்றால் சர்வீஸ், அதாவது கரண்ட் இணைப்பு, யார் பெயரில் இருக்கிறதோ அவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"யாரு எழுதிக் குடுக்கணும்?"

"அட்டையில பேரு இருக்கவங்க, அக்கா."

கரண்ட் ஆபீசில் ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், மதுரைப் பக்கத்து ஆள், சின்ன வயது, பொறுமைசாலி. சர்வீஸ் யார் பெயரில் என்று கேட்டார். முத்துத்தாய் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கோமதிநாயகம். உங்க வீட்டுக்காரராம்மா? அவரை ஒரு தடவை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"பம்பாய்ல இருக்காக, ஐயா."

"அப்படியா? அப்ப இந்த விண்ணப்பப் பாரத்தைத் தபால்ல அனுப்புங்க. அவர் கையெழுத்து வந்துட்டா ஒரே நாள்ல முடிச்சுடலாம்."

அவரை மறந்துவிடு என்று சொன்னவர்கள் ஊரெல்லாம் உண்டு. எட்டொன்பது வருஷத்தில் அவரைக் கூப்பிடு என்று முத்துத்தாயிடம் சொன்ன முதல் ஆள் அந்த ஜே.இ.தான். பாரத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி, மழை படாமல் கொண்டுவந்தாள். பழைய கடிதத்தில் இருந்த தாராவி விலாசத்தைப் பார்த்து எழுதினாள். முன்னெல்லாம் கடிதம் எழுத உட்கார்ந்தால், எப்போது வருவீர்கள் என்று கேட்பதைத் தவிர எழுத ஒன்றும் இருக்காது. கேட்டுக் கேட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. இப்போது காரியம் இருந்தது. நம்ம போர்டு கெட்டுப்போய்விட்டது, உங்கள் கையெழுத்து இல்லாமல் முடியாது என்கிறார்கள் என்று எழுதினாள். முடியாது என்பதன் கீழே கோடு போட்டாள். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு, வெளிச்சத்துக்காக மிஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டுத் தைத்தாள். வாசலில் தைத்தால் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே தெரியும் என்பதும் ஒரு காரணம்.

நாற்பத்தோரு நாள் கழித்துக் கவர் வந்தது. அவள் எழுதிய அதே கவர். மேலே ஏதேதோ கிறுக்கி முத்திரை குத்தியிருந்தது. தபால்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பேர்ல ஆளு இல்லையாம்மா" என்றார். இன்னும் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம்தான், அவருக்கும் வெயில்.

முத்துத்தாய் மறுபடி ஜே.இ.யிடம் போனாள். அவர் கவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "எத்தனை வருஷமாத் தகவல் இல்லம்மா?" என்றார்.

"எட்டு, ஐயா."

"ஏழு வருஷத்துக்கு மேல தகவலே இல்லைன்னா கோர்ட்டுல போய் எழுதி வாங்கலாம். இறந்துட்டதா வச்சுக்கலாம்னு சட்டம் இருக்கு. அதைக் கொண்டாந்தா சர்வீஸை உங்க பேருக்கே மாத்திடுவேன். அப்புறம் எதுக்கும் யார்கிட்டயும் நீங்க நிக்க வேண்டாம்."

"வச்சுக்கிடலாம்னா, யாரு ஐயா வச்சுக்கிடது?"

அவள் மேசையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றைக்கே சுப்புலட்சுமி வந்தாள். அவள் கெட்டவள் இல்லை. அரிக்கேன் விளக்கில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முத்துத்தாய் தைப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். தைக்கக் கொடுக்கிறவர்களும் ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, அவன் என் தம்பி. எனக்கு இல்லாத வருத்தமா உனக்கு? எழுதிக் குடுத்துரு. காயிதம்தான. காயிதத்துல எழுதுனா ஆளு செத்துருவானா?"

"காயிதத்துல மட்டுந்தான மதினி அவுக இருக்காக" என்றாள் முத்துத்தாய்.

சுப்புலட்சுமி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனாள். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வழி கண்டுபிடித்தது சேக் மைதீன். வீட்டுத் தீர்வை யார் பெயரில் கட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டார். அவள் பெயரில்தான். அப்படியானால் வீட்டுக்காரி என்ற முறையில் அவளே புதிதாக ஒரு சர்வீஸ் கேட்கலாமே என்றார். இரண்டு பேரும் ஜே.இ.யிடம் போனார்கள். அவர் யோசித்துவிட்டு, கேட்கலாம், ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு சர்வீஸ்தான், பழையதை ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். முத்துத்தாய் எழுந்துவிட்டாள். "உக்காருங்கம்மா" என்றார் ஜே.இ. "ஒரே கட்டடத்துல ரெண்டு சர்வீஸ் குடுக்கணும்னா, ரெண்டும் தனித்தனிப் போர்ஷனா இருக்கணும். நடுவுல சுவர் வேணும். தனி வாசல் வேணும். அப்ப பழையதும் இருக்கலாம். லைனை கம்பத்துல கழட்டியாச்சு, அதனால ஆபத்து இல்ல. கரண்ட் எரிக்காட்டியும் மினிமம் சார்ஜ் மட்டும் கட்டிட்டு வந்தா சர்வீஸ் உயிரோட இருக்கும்."

"எப்படி, ஐயா?"

"மினிமம் கட்டினா போதும், சர்வீஸ் உயிரோட இருக்கும்."

அவளுக்கு முதல் தரமே கேட்டிருந்தது.

காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்துச் செங்கல் வாங்கினாள். கொத்தனார் நல்லக்கண்ணு வந்து அளந்தார். பெரிய அறையில் மீட்டர் இருந்த ஓரத்தைத் தடுத்துச் சுவர் எழுப்ப வேண்டும், தெருப் பக்கம் ஒரு நிலை வைக்க வேண்டும். நீளம் ஐந்தரை அடி போதும் என்றார் அவர்.

"ஏழு வேணும். ஆளு உயரம்."

"சாமான் போடத்தான? ஏழு எதுக்கு?"

"ஆளு இருக்கதுக்கு."

"எந்த ஆளு?"

முத்துத்தாய் ஆணியில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். நல்லக்கண்ணுவுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு ஏழடிக்கு நூல் பிடித்தார். சுவர் ஏழு வரிசை எழும்பியபோது அவள் வந்து பார்த்தாள்; பிறகு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போனதும், போதும் என்றாள். கூரை வரைக்கும் கொண்டுபோக வேண்டாமா என்று கேட்டதற்குச் செங்கல் தீர்ந்துவிட்டது என்றாள். வாசலில் நூறு செங்கலுக்கு மேல் கிடந்தது. பெண்டுகளிடம் வாதாடிப் பழக்கமில்லாத மனுஷன் கரண்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

சேக் மைதீன் பழைய மீட்டரின் அடியில், சீலைத் தொடாமல், சுவரில் இரண்டு இரும்புப் பட்டை அடித்து முட்டுக் கொடுத்தார். அந்தப் பழைய சுவிட்சையும் ஃபியூஸ் கட்டையையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடச் சொன்னாள் முத்துத்தாய். கோமதிநாயகத்தின் கை எட்டுகிற உயரத்திலேயே அது இருந்தது. கட்டிலை உள்ளே போட்டு, ஒரு தலையணையும், அவர் இடுப்பில் கட்ட மடித்த சாரம் ஒன்றும் வைத்தாள். புது நிலையின் வாசலில் கோலம் போட்டாள். தெருவில் போகிறவர்கள் ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு கோலம் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

1984 ஆனியில் ஜே.இ. வந்து பார்த்தார். புது வாசல் வழியாகக் குனிந்து நுழைந்தார். கட்டிலைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார்.

"இந்தப் போர்ஷன்ல யாரு இருக்காங்க?"

முத்துத்தாய் அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திரும்ப ஆணியிலேயே மாட்டினார். அண்ணாந்து சுவரைப் பார்த்தார்.

"கூரை வரைக்கும் போகலையே."

"செங்கல் தீர்ந்துட்டு, ஐயா."

வாசலில் கிடந்த செங்கலைத் தாண்டித்தான் அவர் வந்திருந்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆடி பிறந்ததும் புது போர்டு ஏறியது. இந்தத் தரம் மரப்பலகையே கிடையாது, இரும்புச் சட்டம். எவ்வளவு உயரத்தில் வைக்க என்று சேக் மைதீன் கேட்டார். முத்துத்தாய் சுவரோரமாகப் போய் நின்று கையை உயர்த்தினாள். அவர் அங்கே சாக்பீஸால் கோடு போட்டார். வாசலில் எர்த் குழிக்கு உப்பைக் கொட்டும்போது அவள் தன் கையாலேயே கொட்டினாள். அப்புறம் பல்பு எங்கே என்று கேட்டார். மிஷினுக்கு நேர் மேலே வைத்தால் ஊசி கோர்க்க நன்றாக இருக்கும் என்று அவரே சொன்னார்.

"பாய், அந்தப் பக்கம் ஒரு பல்பு போட முடியுமா? இந்தப் போர்டுல இருந்து இழுத்து?"

சேக் மைதீன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அது மட்டும் கேக்காதீங்க அக்கா. ஒரு சர்வீஸ்ல இருந்து இன்னொண்ணுக்கு வயர் போகக்கூடாது. போனா ரெண்டையும் வெட்டிருவாங்க. உங்க வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும், மறுநாளே அங்கன நான் வெளக்கு எரிய வைக்கேன்."

"வயர் போகக்கூடாது. சரி. சுவருக்கு மேல வெளிச்சம் போனா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு முழ இடைவெளி இருந்தது. அப்போதுதான் அவருக்குச் செங்கல் தீர்ந்த விஷயம் விளங்கியது.

"வெளிச்சத்துக்கு ரூல் ஒண்ணும் இல்ல அக்கா" என்றார்.

பல்பை மிஷினுக்கு மேலே வைக்கவில்லை. தடுப்புச் சுவரை ஒட்டி, அதன் விளிம்புக்கு மேலே தெரிகிற மாதிரி உயரத்தில் வைத்தார். சாயங்காலம் லைன்மேன் வந்து கம்பத்தில் இணைத்துவிட்டுப் போனார். "மெயினை நீங்களே போடுங்க அக்கா" என்றார் சேக் மைதீன். முத்துத்தாய் முக்காலியைத் தேடித் திரும்பினாள். அது வேண்டாம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கையை நீட்டினாள், எட்டியது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தரம். நீ எதுக்கு எட்டணும் என்று சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. எட்டியிருக்கவே வேண்டாம், முக்காலியிலேயே ஏறி ஏறிக் கால் தேய்ந்திருக்கலாம், அந்த மனுஷன் இருந்திருந்தால் போதும் என்று இருந்தது. சுவிட்சைப் போட்டாள்.

சேக் மைதீன் போன பிறகு தெருவுக்கு இறங்கி, மற்ற வாசல் வழியாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். சுவருக்கு மேலாக வந்த வெளிச்சம் கட்டிலின் தலைமாட்டில் விழுந்திருந்தது. பழைய மீட்டரிலும் அட்டையிலும் விழுந்திருந்தது. பெயரை வாசிக்கிற அளவுக்கு இருந்தது. கதவைத் தாழ் போடாமல் வெறுமனே சாத்திவிட்டு வந்தாள்.

மிஷினுக்குத்தான் வெளிச்சம் போதவில்லை. ஊசி கோர்க்க அவள் ஒவ்வொரு தரமும் எழுந்து சுவர் பக்கம் போக வேண்டியிருந்தது. பல்பை இந்தப் பக்கம் தள்ளி வைத்தால் என்ன ஏட்டி என்று சுப்புலட்சுமி எத்தனையோ தரம் கேட்டாள். ஆகட்டும் மதினி என்பாள் முத்துத்தாய். அந்த அரை வெளிச்சத்திலேயே அவள் ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள்.